ஜெயிச்சது சரி, எப்படி ஜெயிச்சோம்? 53–41 மேட்ச் சொல்லித் தரும் கணக்கு

மேட்ச் முடிந்து விசில் ஊதியதும் கோர்ட் ஓரத்தில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "எப்படியோ ஜெயிச்சுட்டோம்டா, விடு" என்பது ஒன்று. "இப்படி ஆடினா அடுத்த ரவுண்டுல காலி" என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவன் உடனே துரோகி ஆகிவிடுவான். "ஜெயிச்ச அன்னைக்குக் கூடவா குறை சொல்லுவ?" என்று நாலு பேர் பாய்வார்கள். இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று பேசிப் பேசித் தீர்க்க முடியாது. ஆனால் எண்ணிப் பார்த்துத் தீர்க்கலாம். அதற்கு ஒரு பேனாவும் நோட்டும் போதும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

மெக்கானிக்கல் மக்களுக்கு கோ, நோ–கோ கேஜ் தெரிந்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவர்கள் கையிலேயே பிடித்திருப்பீர்கள். கோ பக்கம் துளைக்குள் போகணும், நோ–கோ பக்கம் போகக் கூடாது. அவ்வளவுதான், பீஸ் பாஸ். ஆனால் அந்தத் துளையின் அளவு நடுவில் இருக்கிறதா, இல்லை விளிம்பில் ஒட்டிக்கொண்டு பாஸ் ஆனதா என்று கேஜ் சொல்லாது. விளிம்பில் பாஸ் ஆகிற பீஸ் தொடர்ந்து வந்தால், மெஷினில் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். ஸ்கோர்போர்டும் இதே மாதிரி ஒரு கேஜ்தான். பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லும். உள்ளே என்ன நடந்தது என்று தெரிய மைக்ரோமீட்டர் எடுத்துத்தான் அளக்கணும்.

அளந்து பழக ஒரு நல்ல மேட்ச் இருக்கிறது. காலேஜ் பாஸ்கெட்பால் வரலாற்றிலேயே "இதெல்லாம் ஒரு வெற்றியா?" என்று அதிகம் பேசப்பட்ட கோப்பை அது.

அந்த மேட்ச்

2011 ஏப்ரல் 4, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம், ரிலையன்ட் ஸ்டேடியம். என்சிஏஏ ஆண்கள் பாஸ்கெட்பால் இறுதிப் போட்டி. எழுபதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். ஒரு பக்கம் கனெக்டிகட் பல்கலைக்கழகம், கோச் ஜிம் கால்ஹூன். இன்னொரு பக்கம் பட்லர், கோச் பிராட் ஸ்டீவன்ஸ். பட்லர் சின்ன காலேஜ். அதற்கு முந்தைய வருஷமும் ஃபைனலுக்கு வந்து, டியூக்கிடம் 61–59 என்று இரண்டு பாயிண்டில் தோற்ற டீம். பாதி கோர்ட்டில் இருந்து கார்டன் ஹேவர்ட் எறிந்த கடைசி ஷாட் ரிங்கில் பட்டு வெளியே போனது. அதனால் இந்த முறை ஊரே பட்லர் பக்கம்.

கனெக்டிகட் கதையும் லேசானதில்லை. லீக் ஆட்டங்களில் அவர்களுக்கு பிக் ஈஸ்ட்டில் ஒன்பதாவது இடம்தான். பிறகு கான்ஃபரன்ஸ் டோர்னமென்டில் 5 நாளில் 5 மேட்ச் ஆடி ஐந்தையும் ஜெயித்தார்கள். அங்கிருந்து ஒரு தோல்வி கூட இல்லாமல் ஃபைனல் வரை வந்தார்கள். ஆனால் அரையிறுதியில் கென்டக்கியை ஜெயித்தது 56–55, ஒரே ஒரு பாயிண்டில்.

ஃபைனலில் முதல் பாதி முடிந்தபோது பட்லர் 22, கனெக்டிகட் 19. எழுத்துப் பிழை இல்லை, 20 நிமிஷத்தில் 19 பாயிண்ட். இரண்டாம் பாதி ஆரம்பத்தில் பட்லர் 25–19 என்று முன்னேறியது. அதற்கப்புறம் கனெக்டிகட் 22 பாயிண்ட் எடுக்க, பட்லர் எடுத்தது வெறும் 3. ஸ்கோர் 41–28. கடைசியில் 53–41. கோப்பை கனெக்டிகட்டுக்கு.

வித்தியாசம் 12 பாயிண்ட். ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்தால் சௌகரியமான வெற்றி மாதிரி இருக்கும். இப்போது ஷீட்டைப் பாருங்கள்.

கனெக்டிகட்: 55 ஷாட், உள்ளே விழுந்தது 19. அதில் த்ரீ பாயிண்டர் 11 எறிந்து 1. ஃப்ரீ த்ரோவில் 14 பாயிண்ட். மொத்தம் 53.

பட்லர்: 64 ஷாட், உள்ளே விழுந்தது 12. அதில் த்ரீ பாயிண்டர் 33 எறிந்து 9. ஃப்ரீ த்ரோவில் 8 பாயிண்ட். மொத்தம் 41.

பட்லரின் ஷூட்டிங் 18.8 சதவீதம். என்சிஏஏ ஃபைனல் ஒன்றில் ஒரு டீமின் மிக மோசமான ஷூட்டிங் அதுதான். ஜெயித்தவர்களும் 34.5 சதவீதம்தான். கனெக்டிகட்டின் ஸ்டார் கெம்பா வாக்கர் 19 ஷாட் எறிந்து 5 தான் போட்டார். அப்போ கேள்வி இதுதான்: கனெக்டிகட் ஜெயித்ததா, பட்லர் தோற்றதா?

நாலு காரணிகள்

டீன் ஆலிவர் என்று ஒருவர். சுற்றுச்சூழல் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அதாவது நம்ம ஆள். 2004இல் வந்த 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' புத்தகத்தில், ஒரு மேட்சின் முடிவை நாலு காரணிகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் கொடுத்த எடையும் சேர்த்து:

1. ஷூட்டிங் திறன் – 40 சதவீதம்
2. டர்ன்ஓவர், அதாவது ஷாட் போடாமலே பந்தைத் தொலைப்பது – 25 சதவீதம்
3. அஃபென்சிவ் ரீபவுண்ட், நம்ம மிஸ்ஸை நாமே திரும்பப் பிடிப்பது – 20 சதவீதம்
4. ஃப்ரீ த்ரோ – 15 சதவீதம்

முதல் காரணியை அளக்கும்போது த்ரீ பாயிண்டருக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு கொடுக்கணும். ஃபார்முலா சுலபம்: விழுந்த மொத்த ஷாட்டோடு, விழுந்த த்ரீயில் பாதியைக் கூட்டி, எறிந்த மொத்த ஷாட்டால் வகுக்கணும்.

பட்லர்: 12 + 4.5 = 16.5. அதை 64ஆல் வகுத்தால் 25.8 சதவீதம்.
கனெக்டிகட்: 19 + 0.5 = 19.5. அதை 55ஆல் வகுத்தால் 35.5 சதவீதம்.

இன்னொன்று கவனியுங்கள். பட்லர் எறிந்தது 64, கனெக்டிகட் 55. ஒரு மேட்சில் இரண்டு டீமுக்கும் பந்து கிட்டத்தட்ட சம தடவைதான் கைக்கு வரும். அப்படியிருக்க ஒரு டீமுக்கு 9 ஷாட் கூடுதலாகக் கிடைத்தால், அவர்கள் பந்தைக் குறைவாகத் தொலைத்திருக்கணும், தங்கள் மிஸ்ஸை அதிகமாகப் பிடித்திருக்கணும், இல்லை எதிரணி ஃப்ரீ த்ரோ லைனுக்கு அதிகமாகப் போயிருக்கணும். ஆக பந்தைக் காப்பாற்றுவது, திரும்பப் பிடிப்பது ஆகிய வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால் பட்லர் மோசமாக ஆடவில்லை. முதல் காரணி ஒன்றிலேயே மொத்தமாகச் சரிந்தது.

மிஸ் ஆனதா, மிஸ் ஆக்கினோமா?

நம்ம விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எதிரணியின் ஷாட் விழாமல் போக இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நம்ம டிஃபென்ஸ் அதை விழவிடவில்லை. இரண்டு, அவனுக்கு அன்றைக்கு விழவில்லை. முதலாவது நம்ம உழைப்பு, அடுத்த மேட்சுக்கும் நம்மோடு வரும். இரண்டாவது அதிர்ஷ்டம். அடுத்த மேட்சில் அது எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாது.

பட்லரின் ஷாட்டை இரண்டாகப் பிரிப்போம். த்ரீ: 33க்கு 9, அதாவது 27 சதவீதம். இரண்டு பாயிண்ட் ஷாட்: 31க்கு 3, அதாவது பத்து சதவீதம் கூட இல்லை.

முதலில் த்ரீயை எடுத்துக்கொள்வோம். பட்லருக்கு த்ரீ சுமாராக விழுந்திருந்தால்? 35 சதவீதம் என்று வைத்தால் 33க்கு 12 வரும். மூன்று த்ரீ கூடுதல், 9 பாயிண்ட். மேட்ச் 53–50. அப்போதும் கனெக்டிகட்தான் ஜெயிக்கும்.

இப்போது உள்ளே எறிந்த ஷாட்டுக்கு வருவோம். 31க்கு 10 விழுந்திருந்தால் என்று வையுங்கள். 32 சதவீதம், அதுவே மோசமான எண்தான். ஆனால் 7 ஷாட் கூடுதல், 14 பாயிண்ட். பட்லர் 55, கனெக்டிகட் 53. கோப்பை கை மாறிவிடும்.

ஆக மேட்ச் தீர்மானமானது ரிங்குக்குப் பக்கத்தில். அங்கே நடந்தது அதிர்ஷ்டமா? இல்லை. கனெக்டிகட் அன்றைக்கு 10 ஷாட்டை பிளாக் செய்தது. பெயின்ட் ஏரியாவுக்குள் எடுத்த பாயிண்ட் கனெக்டிகட் 26, பட்லர் 2. பட்லரின் மாட் ஹோவர்ட் 13 ஷாட் எறிந்து ஒன்றுதான் போட்டார். பிளாக் ஆகாத ஷாட் கூட, கை மேலே வருமோ என்ற பயத்தில் அவசரமாக எறிந்தால் திசை மாறும். உள்ளே வழி இல்லாததால்தான் பட்லர் பாதிக்கு மேல் த்ரீயாக எறிந்தது. அதுவும் டிஃபென்ஸ் செய்த வேலைதான்.

ஒரு ரசிகனாக என் தீர்ப்பு இது: டிஃபென்ஸ் பக்கம் பார்த்தால் அது சம்பாதித்த வெற்றி. "பட்லர் கேவலமா ஆடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது கனெக்டிகட்டின் உயரமான பசங்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஆனால் அட்டாக் பக்கம்? 55 ஷாட்டுக்கு 19. த்ரீ ஒன்றே ஒன்று. இதில் யாரும் திருப்தி அடைய முடியாது. வாக்கரைக் கட்டிப்போட்டால் டீமே திணறுகிறது என்பது அன்றைக்கே தெரிந்தது. இரண்டாம் பாதியில் ஜெரமி லாம்ப் எடுத்த 12 பாயிண்டும், அலெக்ஸ் ஒரியாக்கியின் 11 பாயிண்ட், 11 ரீபவுண்டும் இல்லை என்றால் நிலைமை வேறு. இந்த ஓட்டையை கோப்பை மூடிவிட்டது. வாக்கர் என்பிஏவுக்குப் போனார். அடுத்த சீசனில் அதே கனெக்டிகட் 20 வெற்றி, 14 தோல்வி, என்சிஏஏ டோர்னமென்டின் முதல் மேட்சிலேயே அயோவா ஸ்டேட்டிடம் தோற்று வெளியே. வாக்கர் போனது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபைனல் ஷீட்டைப் படித்தவனுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

இதற்கு அடுத்த வருஷம் கதை இன்னும் மோசம். வீரர்களின் படிப்பு மதிப்பெண் கணக்கு குறைவாக இருந்ததால் 2013 டோர்னமென்டில் ஆடவே அந்த டீமுக்கு அனுமதி இல்லை. அரியரோடு கோர்ட்டில் நிற்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

நம்ம கோர்ட்டுக்கு வருவோம்

நம்ம மேட்சுக்கு வீடியோ அனலிஸ்ட் யாரும் வரப்போவதில்லை. தேவையும் இல்லை. இரண்டு பேர் போதும். ஒருத்தர் பார்த்துச் சொல்ல, ஒருத்தர் எழுத. இரண்டு டீமுக்கும் தனித்தனிப் பக்கம். செய்ய வேண்டியது:

ஒன்று, ஒவ்வொரு ஷாட்டையும் குறியுங்கள். உள்ளேயா, த்ரீயா, விழுந்ததா, இல்லையா. விழாத ஷாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு குறி: டிஃபெண்டர் கை எட்டும் தூரத்தில் இருந்தால் 'கை', ஆளே இல்லாமல் எறிந்திருந்தால் 'காலி'. மேட்ச் முடிந்ததும் எதிரணி மிஸ்ஸில் 'கை' அதிகமா 'காலி' அதிகமா என்று எண்ணுங்கள். 'காலி' அதிகமாக இருந்தால் நாம ஜெயிச்சது அவர்கள் தயவில்.

இரண்டு, டர்ன்ஓவர். டிராவல், தப்பான பாஸ், 24 செகண்ட் எல்லாமே. எப்படிப் போனது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மூன்று, நம்ம மிஸ்ஸை யார் பிடித்தது. இதை எண்ணாவிட்டால் ரிங் அடியில் உழைக்கிறவன் பேர் எங்கேயும் வராது.

நாலு, ஃப்ரீ த்ரோ. இதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஏனென்றால் ஃப்ரீ த்ரோவை எந்த டிஃபென்ஸாலும் தடுக்க முடியாது. உதாரணத்துக்கு, நம்ம டீம் 58–55 என்று ஜெயிக்கிறது. எதிரணி 20 ஃப்ரீ த்ரோவில் 8 தான் போட்டது. அவர்கள் சுமாராக 12 போட்டிருந்தாலே 59–58, நாம் தோற்றிருப்போம். அதோடு 20 ஃப்ரீ த்ரோ அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? நாம செய்த ஃபவுல். தப்பு நம்முடையது, தண்டனை மட்டும் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு மேட்ச் ஷீட்டை வைத்து யாரையும் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லாதீர்கள். ஒரு மேட்ச் என்பது மிகச் சின்ன சாம்பிள், ப்ராபபிலிட்டி படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலைந்து மேட்ச் ஷீட் சேர்ந்ததும் ஒரே ஓட்டை திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் பேச வேண்டிய விஷயம்.

கடைசியாக, எப்போது கொடுப்பது? ஜெயித்த அன்று ராத்திரி வேண்டாம், பசங்க கொண்டாடட்டும். தோற்ற அன்று ராத்திரி கண்டிப்பாக வேண்டாம். மறுநாள் காலை ப்ராக்டிஸுக்கு முன்னால் கேப்டன் கையில் கொடுங்கள். பசங்க டீமோ பொண்ணுங்க டீமோ, "நல்லா ஆடல" என்று சொன்னால் கோபம்தான் வரும். "மூணாவது குவார்ட்டர்ல 7 டர்ன்ஓவர், அதுல 5 அதே பேக்கோர்ட் பாஸ்" என்று சொன்னால் அன்றைக்கே ட்ரில் மாறும்.