மலைவீதியும் பழைய மோட்டார்ச் சைக்கிளும்

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பாராது விடுதல் பேதைமை என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பல்லை மட்டுமோ? சுழி பார்த்தனர், நடை பார்த்தனர், குளம்பு பார்த்தனர். இக்காலத்து இளைஞர் விரும்பி வாங்குவது மாடன்று, விரைவோட்டத்துக்கென அமைந்த மோட்டார்ச் சைக்கிள். அதனை மற்றொருவரிடமிருந்து பழையதாக வாங்குங்கால் எவற்றை ஆராய்தல் வேண்டும், வாங்கிய பின் எதனை முதலிற் செப்பனிடல் வேண்டும், எதனைப் புதிதாகச் சேர்த்தல் தகும் என்பனவற்றை அப்புத்தளை மலைவீதிகளை மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பழைய வண்டிக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டமைக்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதியும் வீழ்ந்தது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்க 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. 2024 செப்தெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிருணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி ஓர் இலட்சம் ரூபா என்பது எழுபத்து நான்கு நாள் உழைப்பாகும். தாயும் தந்தையும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் சேர்த்த பணம் ஒரு மாலைப் பொழுதின் அவசரத்தில் வீணாகலாமோ?

பத்திரம்

முதலிற் பார்க்கவேண்டியது வண்டியையன்று, பத்திரத்தை. பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். நிதிக் கம்பனியின் உரிமை அதிற் பதியப்பட்டிருப்பின், கடன் தீர்ந்தமைக்கான கடிதமின்றிப் பணம் கொடுத்தலாகாது. பெயர் மாற்றாது, கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் பலர் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது பெருந்தீங்கு. நாளை அவ்வண்டி விபத்திற் சிக்கின், பதிவிலுள்ளவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர் என்றாகும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகிய மூன்றும் உடனிருத்தல் வேண்டும். 100 கனசென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு உரிய சாரதி அனுமதிப்பத்திரம் வேறு என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

உடற்கூறு

இந்தியாவில் 2008 இல் வெளிவந்த யமஹா ஆர் 15 போன்ற வண்டிகள் 150 கனசென்ரிமீற்றர் அளவுள்ள சிறு எஞ்சினுக்கு நீர்க்குளிரூட்டலையும், காபுரேற்றருக்குப் பதிலாக மின்னணு எரிபொருட் பாய்ச்சலையும் கொடுத்தன. இவ்வகை வண்டிகளின் பக்கங்களை மூடும் கவசம் காற்றைக் கிழிக்க உதவும். பழைய காயத்தையும் மறைக்கும். எனவே கவசத்தின் பளபளப்பை நம்பாது, பிறேக் நெம்பு, கைபிடி, கால்மிதி ஆகியவற்றின் நுனிகளைப் பார்த்தல் வேண்டும். நிலத்தில் உராய்ந்த வடு அங்கே நிற்கும். வண்டியை நேராக நிறுத்திப் பின்னின்று நோக்கின் இரு சில்லுகளும் ஒரே கோட்டில் அமைதல் வேண்டும். அமையாவிடின் சட்டகம் வளைந்திருக்கலாம். அத்தகைய வண்டியை எவ்விலைக்கும் வாங்கற்க.

முன்சில்லை நிலத்தினின்றும் உயர்த்திக் கைபிடியை மெல்லத் திருப்புக. நடுவில் ஓரிடத்தில் அது பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. முன் போக்குகளில் எண்ணெய் கசிந்திருப்பின் அவற்றின் சீல் பழுதாயிற்று. பின் பற்சில்லின் பற்கள் ஒருபுறம் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் சங்கிலியோடு சேர்த்தே மாற்றல் வேண்டும். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைக் கூறும். 2319 என்றிருப்பின் 2019 ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பூ தேயாதிருந்தும் இறப்பர் முதிர்ந்து இறுகிய டயர் மழைவீதியைப் பற்றாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கிப் பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்னதாகவே சூடாக்கி வைத்திருப்பின் மற்றொரு நாட் செல்க. அப்புத்தளையின் குளிர்காலையில் முதலில் வெண்புகை தோன்றுவது இயல்பு. அது நீராவி, சிறிது நேரத்தில் மறையும். மறையாது இனிய வாசனையோடு தொடரின் குளிரூட்டும் நீர் எஞ்சினுள் இறங்குகின்றது. நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுதியையும் காட்டும்.

முதற் செப்பம்

அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் 1400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவை அடையும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே வந்துவிடுகின்றோம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ஏறத்தாழ 200 கிலோகிராம் எனக் கொள்வோம். ஆயிரம் மீற்றர் இறங்குகையில் வெளிப்படும் சத்தி ஏறத்தாழ இருபது இலட்சம் யூல். ஆறு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணர இது போதும். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியது முழுவதும் உள்ளங்கையளவான பிறேக் கட்டைகளிலும் தட்டிலும் வெப்பமாகின்றது.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நான்காந் தர எண்ணெயின் கொதிநிலை புதிதாயிருக்கும்போது 230 பாகைக்குக் குறையாது. ஈரமேறிய பின் 155 பாகை அளவுக்கு இறங்கிவிடும். மூடுபனியும் மழையும் மிகுந்த நம் பகுதியில், பல்லாண்டு மாற்றப்படாத எண்ணெய் நீண்ட இறக்கத்திற் கொதித்துக் குமிழியிடின், நெம்பு வெறுமையாய் உள்ளே போகும், வண்டி நில்லாது. பள்ளம் ஒருபுறம், பாறை மறுபுறமான வீதியில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே வாங்கியவுடன் எண்ணெயை மாற்றுக. பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுக. கட்டைகளையும், தேய்ந்த டயரையும், சங்கிலியையும், பெயாரிங்கையும் அதே வேளையிற் செப்பனிடுக. இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குக. அது செலவில்லாத பிறேக் ஆகும்.

இச்செப்பத்துக்கெனக் கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கியபின் எஞ்சியதையே வண்டியின் விலையாகக் கொள்ளல் வேண்டும். பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டுப் பிறேக்குக்குப் பணமில்லை என்பவர் குதிரை வாங்கிக் கடிவாளம் வாங்காதவரை ஒப்பர்.

மேம்பாடு

செப்பம் முடிந்தபின்னரே மேம்பாடு. மலையுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையினும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் அவ்வளவிற் குறையும். எரிபொருட் பாய்ச்சலுள்ள வண்டி எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும். காபுரேற்றர் வண்டிக்கு அளவைச் சீர்செய்தல் நன்று. இழந்த இழுவையைப் பெற எஞ்சினைக் குடைந்து பெரிதாக்க வேண்டுவதில்லை. முன் பற்சில்லுக்கு 14 பற்களும் பின்னதற்கு 42 பற்களும் உள்ள வண்டியின் விகிதம் மூன்று. பின்னதை 45 ஆக்கின் விகிதம் 3.21 ஆகும், சில்லின் இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். உச்ச வேகம் சிறிது குறையும். எனினும் வளைவுக்கு வளைவு திரும்பும் பண்டாரவளை வீதியில் அவ்வுச்ச வேகத்தை யார் காணப்போகின்றனர்?

எஞ்சினைக் குடைதல் வெப்பத்தை மிகுவித்து ஆயுளைக் குறைக்கும். பதிவிலுள்ள கொள்ளளவுக்கும் மாறாகும். இரைச்சலிடும் சைலன்சர், எதிர்வரும் லொறியின் ஊதலை ஓட்டுபவர் செவிக்கு எட்டவிடாது. லயங்களில் உறங்கும் குழந்தைகளையும் எழுப்பும். விளிம்புக்குப் பொருந்தாத அகன்ற டயர் உருமாறி, வளைவிற் சாய்வதற்கு இடர் செய்யும். இவற்றுக்குச் செலவிடும் பணத்தால் முகவிளக்கின் மங்கிய கண்ணாடியைத் துலக்கி, நல்ல தலைக்கவசம் வாங்கலாம். மூடுபனியில் உயர் ஒளி கண்ணுக்கே திரும்பி வரும். தாழ் ஒளியே வழிகாட்டும்.

சுருங்கக் கூறின், நிறுத்துவது முதலில், பற்றுவது இரண்டாவது, இழுப்பது மூன்றாவது, அலங்கரிப்பது கடைசி. உராய்வு, வெப்பம், நெம்பு என்பன பரீட்சைத் தாளுக்கென மட்டும் கற்பிக்கப்பட்டவை அல்ல. வகுப்பறையில் அவற்றைக் கற்ற நம் மாணவர், வீதியில் இறங்குமுன் தம் வண்டியில் ஒருமுறை அவற்றைத் தேடிப் பார்ப்பாராக. வாசலில் விளக்கேற்றிக் காத்திருக்கும் பெற்றோருக்கு, வண்டி எத்துணை விரைவாக ஓடிற்று என்பது பொருட்டன்று; மகன் வீடு வந்து சேர்ந்தான் என்பதே பொருட்டு.