மாறுகண் அறுவை: பிள்ளைக்கு மயக்க மருந்து எப்படி?

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிற வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அதிர்ஷ்டம் ஒன்றுமில்லை. விலகி நிற்கும் கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கத் தொடங்கும். சிறு வயதிலேயே கவனிக்காவிட்டால் அது சோம்பேறிக் கண்ணாகிவிடலாம். கண்ணாடியில் சரியாகாவிட்டால் அறுவை சொல்வார்கள். உடனே பெற்றோர் கேட்பது: "முழு மயக்கம் குடுக்கணுமா? கண்ண மட்டும் மரத்துப்போக வைக்க முடியாதா?"

பெரியவர்களுக்கு முடியும். நன்னாவுக்குக் கண்புரை எடுப்பது அப்படித்தான். ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் படுத்திருக்காதே! அதனால் முழு மயக்கம்தான். முகமூடி வழியாக வாயுவா, கையில் ஊசி வழியாக மருந்தா என்பதுதான் தேர்வு. ஊசிக்கு அலறும் பிள்ளைக்கு முகமூடி சுலபம். மூச்சுக்கான குழாயை மருத்துவர் முடிவு செய்வார்.

கண்ணை வெளியே எடுத்துவைத்து அறுப்பதில்லை. கண்ணின் வெளிப்புறம் ஒட்டியுள்ள தசையை இடம் மாற்றித் தைக்கிறார்கள். அந்தத் தசையை இழுக்கும்போது இதயத்துடிப்பு திடீரெனக் குறையலாம். 1908லேயே எழுதிவைக்கப்பட்ட விஷயம் இது. இழுப்பை விட்டதும் பெரும்பாலும் துடிப்பு திரும்பிவிடும். இல்லையென்றால் அட்ரோபின் கொடுப்பார்கள். துடிப்பின் மேலேயே கண்ணாக இருக்கத்தான் மயக்க மருத்துவர். அவர் குழந்தைகளுக்குப் பழக்கப்பட்டவரா என்று தாராளமாகக் கேளுங்கள். இது மரியாதைக் குறைவல்ல.

இந்த அறுவைக்குப் பின் வாந்தி அதிகம். தடுக்க முன்பே மருந்து கொடுப்பார்கள். முந்தைய அறுவையில் பிள்ளையோ, பெற்றோரோ, உடன்பிறந்தவரோ வாந்தி எடுத்திருந்தால் சொல்லுங்கள்.

வெறும் வயிறு விஷயத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். பொதுவாகச் சாப்பாடு, பால் 6 மணி நேரம் முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். ஒரு பேரீச்சம்பழம்தானே, கொஞ்சம் தேன்தானே என்று நன்னி வாயில் வைத்துவிடுவார். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. துஆ ஓதி ஊதுங்கள், ஊட்டாதீர்கள். ஊட்டிவிட்டால் மறைக்காதீர்கள், நேரமோ தேதியோ தள்ளிப்போகும், அவ்வளவுதான். சளி, காய்ச்சல், வீசிங் இருந்தாலும் அப்படியே. சிப்காட் பக்கம் இருமல் சகஜம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று: சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்கள் கவனிக்க. சிலருக்குத் தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி இரத்தத்தில் பிறவியிலேயே குறைவாக இருக்கும். சில நிமிடங்களில் தீர வேண்டியது மணிக்கணக்கில் நீடிக்கும். இது தாய், தகப்பன் இரு வழியிலும் சேர்ந்து வரும் குறை. சாச்சாவோ மாமுவோ ஆபரேஷன் முடிந்தும் வெகுநேரம் மூச்சுக் கருவியில் இருந்தார், மயக்கத்தில் கடும் காய்ச்சல் கண்டது என்ற பழைய கதை இருந்தால், மயக்க மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் இரண்டு பக்கமிருந்தும் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து அங்கே போகலாம். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பிள்ளையின் பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.