முயலும் யானையும்: ஆட்டக்காரரை நிறுத்தறியும் முறை

கிரிக்கெட்டு ஆட்டத்தில் ஒருவர் எடுத்த ஓட்டங்களை எண்ணுதல் எளிது. அவற்றை நிறுத்தறிதல் அரிது. வலிய அணிக்கு எதிரே எடுத்த முப்பதும், மெலிய அணிக்கு எதிரே எடுத்த நூறும் ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும்போது, இரண்டனுள் எது பெரிது என்பதை அவ்வேடு சொல்லாது. அணி தெரிவு செய்யும் காலத்து நம் விடுதிகளிலும் மரத்தடிகளிலும் எழும் பூசல்களிற் பெரும்பாலன இதுபற்றியனவே. ஆதலின், இதனை ஒருவாறு முறைப்படுத்தி ஆராயப் புகுந்தோம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்து முதற்கண் நினைவிற்கு வருவது திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம். எளிய இலக்கிற் பெற்ற வெற்றியினும் அரிய இலக்கை நோக்கிய முயற்சியே, அது தவறினும், வீரனுக்கு அழகு என்பது அங்கு முயலையும் யானையையும் காட்டி உணர்த்தப்பட்டது. ஆயின் அது வீரனது பெருமிதத்தைக் கூறும் இடம். படைக்கு ஆள் தேரும் முறையைக் கூறும் இடமன்று. தேர்வோன் அதனையே அளவுகோலாகக் கொள்வானாயின், முயலை ஒருகாலும் தப்பவிடாத கையை வீணே இழப்பான். அவனுக்கு வேண்டுவது வலியறிதல் என்னும் அதிகாரமே. வினை, தான், மாற்றான், துணை என்னும் நான்கன் வலிமையையும் ஒருங்கே சீர்தூக்குமாறு அது பணிக்கின்றது. இந்நான்கும் ஆட்டக்காரரை அளத்தற்கும் பொருந்துமாறு காண்போம்.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள், பெங்களூரில் நடந்த விஜய் ஹசாரே கோப்பை ஆட்டத்தில், தமிழ்நாட்டு அணியின் நாராயண் ஜெகதீசன் அருணாசலப் பிரதேச அணிக்கு எதிராக 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் எடுத்தார். 2002இல் இங்கிலாந்தில் அலிஸ்டர் பிரௌன் எடுத்திருந்த 268 அன்று பின்தங்கிற்று. தமிழ்நாடு இரண்டு விக்கெட்டுகளை மட்டும் இழந்து 506 ஓட்டங்கள் குவித்தது. அருணாசலம் 71 ஓட்டங்களில் அடங்கிற்று. தோல்வியின் அளவு 435 ஓட்டங்கள்.

மாற்றான் வலியை நோக்கின், அருணாசலம் 2018இல்தான் உள்நாட்டு முதல்தர ஆட்டத்துட் புகுந்த ஒன்பது புதிய அணிகளுள் ஒன்று. ஆதலின் 277 என்னும் எண்ணை அவ்வாறே கொள்ளலாகாது. ஆயின் அதனை அறவே தள்ளலாமோ? அன்று எல்லார்க்கும் ஓட்டம் மலிவாயிற்று என்பது மெய்யே. உடன் தொடங்கிய சாய் சுதர்சனும் 154 எடுத்தார். இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 416 குவித்தனர். எனினும், ஜெகதீசன் பந்தொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு ஓட்டம் எடுக்க, உதிரி ஓட்டங்களையும் சேர்த்து எஞ்சியோர் எடுத்தது ஏறத்தாழ ஒன்றரையே. ஒரே களம், ஒரே பகைவர், ஒரே நாள். ஆயினும் வேறுபாடு தோன்றிற்று. எதிரணி மெலிதாயின் எண்ணைப் பாராது, அன்று உடன் ஆடினோரினும் ஒருவர் எவ்வளவு மேம்பட்டார் என்பதைப் பார்த்தலே தக்கது.

மேலும், அது தொடர்ந்து அவர் அடித்த ஐந்தாவது சதம். முன்னைய நான்கும் ஆந்திரம், சத்தீசுகடம், கோவா, அரியானா அணிகளுக்கு எதிராக முறையே 114, 107, 168, 128 என வந்தவை. இறுதி ஆட்டத்தை முற்றும் நீக்கினும் 517 ஓட்டங்கள் எஞ்சும். மெலியாரை நீக்கிய பின்னும் எஞ்சுவது எவ்வளவு என்னும் வினாவே தன் வலியைக் காட்டும் உரைகல்.

அடுத்தது வினை வலி. ஐம்பது ஓவர் ஆட்டம் வேறு. பல நாள் நீளும் ஆட்டம் வேறு. அவ்வைந்து சதங்களுக்காக அவர் உடனே டெஸ்ட் அணிக்கு அழைக்கப்படவில்லை. ரஞ்சிக் கோப்பையில் 2024 சனவரியில் சண்டிகருக்கு எதிராக 321 எடுத்து, அதன் பின்னும் ஓட்டங்கள் சேர்த்த பிறகே, 2025 சூலையில், காயமுற்ற ரிஷப் பந்துக்கு மாற்றாக இங்கிலாந்து சென்ற இந்திய அணியிற் சேர்க்கப்பட்டார். ஆடும் பதினொருவருள் இடம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் துலீப் கோப்பை அரையிறுதியில் வடமண்டலத்துக்கு எதிராக 197 எடுத்தார். மண்டல அணி என்பது பல மாநிலங்களின் தேர்ந்த வீரர் கூடியது. அங்கு எடுத்த ஓட்டம் முந்தைய ஓட்டங்களுக்கெல்லாம் சான்று பகர்ந்தது எனலாம்.

துணை வலிக்கு ஈழநாட்டுத் தமிழராகிய முத்தையா முரளிதரன் தக்க எடுத்துக்காட்டு. 133 டெஸ்டுகளில் அவர் வீழ்த்திய 800 விக்கெட்டுகளுள் 176, சிம்பாப்வே, வங்காளதேசம் ஆகிய மெலிய அணிகளுக்கு எதிரானவை என்று குறை கூறுவார் உளர். அவற்றை நீக்கின், 108 டெஸ்டுகளில் 624 எஞ்சும். டெஸ்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 5.8. அவ்வாறே நீக்கினால் ஆஸ்திரேலியரான ஷேன் வார்னுக்கு 142 டெஸ்டுகளில் 691. டெஸ்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 4.9. அங்ஙனமாயின் முரளிதரனே மேல் என முடித்துவிடலாமோ எனின், அதுவும் அவசரமாகும். வார்னுக்கு அருகே மெக்ராத் முதலியோர் நின்று விக்கெட்டுகளைப் பங்கிட்டனர். முரளிதரனோ பெரும்பாலும் தம் அணியின் பந்துவீச்சுச் சுமையைத் தாமே தாங்கினார். வலிய துணைவர் பங்கைக் குறைப்பர்; ஆயின் மறுமுனையில் பகைவரை நெருக்கி உதவியும் செய்வர். இவ்விரண்டையும் கருதாத ஒப்பீடு குறையுடையதே.

இவ்வாராய்ச்சி பெரிய வீரரோடு நிற்பதன்று. மதுரையைச் சூழ்ந்த சமவெளியூர்களில், கண்மாய்க் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் டென்னிஸ் பந்துகொண்டு ஆடும் இளைஞன் எடுக்கும் ஓட்டமெல்லாம் மெலியார்க்கு எதிரே எடுத்ததென்று தள்ளப்படுமாயின், அவன் தன் வலியைக் காட்டுதற்கு வழி யாது? வலியாரை அவன் வேண்டாமென்று விலக்கவில்லை. அவர் அவனுக்கு வாய்க்கவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த நடராசன், 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களில் திண்டுக்கல் அணிக்காக வீசிப் பலர் கண்ணிற் பட்டார். 2020 டிசம்பரில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 சனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் களமும் கண்டார். மதுரைக்கு அணித்தாகிய நத்தத்துக் களத்திலும் அந்த லீக் ஆட்டங்கள் நடந்துள்ளன. ஊராட்டத்தில் அவர் வீழ்த்தியோர் எளியர் என்று சொல்லி வாயிலை அடைத்திருந்தால், நாடு ஒரு நல்ல பந்துவீச்சாளரை இழந்திருக்கும்.

ஆகவே, மெலியார்க்கு எதிரே பெற்ற வெற்றியை முடிந்த சான்றாகக் கொள்ளாது, தேர்வுக்கு அழைக்கும் ஓலையாகக் கொள்க. அவ்வோலை பெற்றவனை வலியார் முன் நிறுத்தி ஆடவிடுதல் தேர்வோர் கடமை. ஒருமுறை தோற்றானென்று உடனே தள்ளாது, இரண்டு மூன்று வாய்ப்பேனும் அளித்தலும் அக்கடமையின் பாற்பட்டதே.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி அணியைத் தெரியும் நாளிலும் இதனைச் செய்தல் அரிதன்று. சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவன் ஒருவன், தன் பள்ளிக்காக அடித்த சதங்களின் கணக்கைக் கூறுவானாயின், அதனைக் கேட்டு வியத்தலும் வேண்டா, நகைத்தலும் வேண்டா. பாய் விரித்த களத்தில் நம்முள் விரைந்து வீசுவோன் கையிற் புதிய பந்தைக் கொடுத்து, அவனை மூன்று மாலை ஆடவிட்டுப் பார்ப்போமாக.