நடந்தே ஜெயித்தவர்

"நடக்கிறதுல என்னடா போட்டி? எங்க பாட்டிகூடத்தான் நடக்குறாங்க!" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கிண்டல் செய்தான். அவனுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். 20 கிலோமீட்டரை 1 மணி 29 நிமிடம் 5 விநாடியில் நடந்தால், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? கால்குலேட்டரைத் தட்டினான். சுமார் 4 நிமிடம் 27 விநாடி! "நான் ஓடினாலே இது வராதேடா" என்றான். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் நடைப்போட்டியில் சீனாவின் வாங் லிப்பிங் தங்கம் வென்ற நேரம் அது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று தோற்றவரைப் பற்றி.

முதலில் விதிகளைப் பார்ப்போம். ஒன்று, நடுவரின் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. இரண்டு, முன்வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து செங்குத்தாக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. மீறினால் சிவப்பு அட்டை. வெவ்வேறு நடுவர்கள் மூவரின் அட்டை சேர்ந்தால் அன்றைய விதிப்படி ஆள் அவுட். இதற்குக் கேமரா கிடையாது. நடுவரின் கண்தான் கருவி.

ஆஸ்திரேலிய வீராங்கனை ஜேன் சாவில், 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 10 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர். சிட்னியில், சொந்த நாட்டு மக்கள் முன்னால், முதல் ஆளாக ஸ்டேடியத்தை நெருங்கினார். உள்ளே ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சுரங்கப்பாதை வாசலில் தலைமை நடுவர் சிவப்புப் பலகையைக் காட்டினார். மூன்றாவது அட்டை! அங்கேயே அழுதுவிட்டார். அதே போட்டியில் அவருக்கு முன்பே லியூ ஹோங்யூ, எலிசபெட்டா பெரோனே ஆகியோரும் முன்னணியில் இருந்தபோது இப்படியே வெளியேற்றப்பட்டார்கள்.

"நடுவர் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஜேன் உட்காரவில்லை. 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 20 கிலோமீட்டரில் தங்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதே தூரம், அதே விதி, அதே சிவப்பு அட்டைப் பயம். 1 மணி 29 நிமிடம் 25 விநாடியில் நடந்து வெண்கலம் வென்றார். சிட்னி தங்கத்தின் நேரத்தைவிட வெறும் 20 விநாடிதான் அதிகம்! 2006 மெல்போர்னில் மூன்றாவது காமன்வெல்த் தங்கம். அப்போது வெள்ளி வென்றவர் அவருடைய தங்கை நடாலி.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள். ஃபிட்டிங் ஷாப்பில் ஜாபை முதல் ஆளாக முடித்தாலும் அளவு தப்பினால் மார்க் கிடையாது. வேகத்தோடு முறையும் வேண்டும். அடுத்தது, ஒரு பேப்பரில் அரியர் விழுந்துவிட்டதா? வாத்தியாரைத் திட்டி என்ன பயன்? ஜேனுக்கு மறுபடி ஒரு ஒலிம்பிக் வர நாலு வருஷம் ஆனது. நமக்கோ அடுத்த செமஸ்டரிலேயே வருகிறது!

எழுந்து நடப்போம் நண்பர்களே!