பாட்டிக் படம்: துணியாக விற்பதா, தைத்து விற்பதா?



குற்றாலத்தில் சாரல் விழுந்தால் வெளியூர்க் கூட்டம் வரும். பழம், பலகாரத்தோடு வீட்டுச் சுவருக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்பார்கள். அதற்குக் கையால் செய்த பாட்டிக் படம் ஏற்ற சரக்கு.

மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது, அதுவே பாட்டிக். சென்னை அருகே 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியர்களின் பிழைப்புக்குக் கைகொடுத்தது பாட்டிக் விற்பனை.

வெறும் துணியாகத் தொங்கவிட்டால் சுருங்கி, ஓரம் சுருளும். பஞ்சு வைத்துத் தைத்தால் விறைப்பாக நிற்கும்.

கொள்முதலில் கவனிக்க:

1. கைவேலையில் இருபுறமும் சாயம் தெரியும். மெழுகு வெடிப்புக் கோடுகள் இரண்டு படத்தில் ஒன்றுபோல் இரா.

2. பழைய தாள்களுக்கிடையே வைத்து இஸ்திரி போடுங்கள். தாளில் எண்ணெய்க்கறை படிந்தால் மெழுகு மிச்சமுண்டு.

3. நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். இதைச் செய்யாமல் வாங்கி, பின்துணியில் சிவப்பு இறங்கி, நான் ஒரு கட்டுச் சரக்கை இழந்தேன்.

தையல்: மேலே படம், நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே அலசி உலர்த்திய காடாத் துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்குக் குத்தி, படத்தின் கோட்டையொட்டி ஓடு தையல் போட வேண்டும். ஓரத்துக்குப் பட்டை, பின்புறம் கம்பு நுழைய ஓர் உறை.

சாரல் காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

அச்சுப் படத்தை அச்சு என்றே சொல்லி விற்போம். அடுத்த சாரலுக்கும் அதே வாடிக்கையாளர் வர வேண்டுமல்லவா?