எதற்கெடுத்தாலும் மோட்டர் மேல் பழி

பவர் சீட் உள்ள பழைய கார் ஒன்று பலாங்கொடையில் கராஜ் வாசலுக்கு வந்தால், ஓனர் இறங்குவதற்கு முன்பே தீர்ப்பு இறங்கிவிடும்: “மோட்டர் போயிட்டு பாஸ்.” யார் சொன்னது? பஸ் ஸ்டாண்டில் ஒருவர், இல்லாவிட்டால் மச்சான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இதை நம்பிக் கொழும்புக்குப் பஸ் ஏறி, பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டரைப் பேரம் பேசி வாங்கி வருகிறார்கள். பூட்டினால் அதுவும் அசையாது. கரண்டே வராத இடத்தில் எந்த மோட்டர் சுற்றும்?

டிரைவர் சீட்டுக்கு அடியில் 3, 4 சின்ன மோட்டர் இருக்கும். முன்பின் நகர ஒன்று, உயர்த்த ஒன்று, சாய்க்க ஒன்று. நேற்றுவரை ஓடிய அத்தனையும் ஒரே இரவில் சேர்ந்து சாகுமா? எல்லாம் ஒன்றாக நின்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பியூஸ், எர்த் வயர், சீட்டுக்கு அடியில் உள்ள சொக்கட். முன்னுக்குப் போகிறது, பின்னுக்கு வரவில்லை என்றால் மோட்டரைத் தொடவே வேண்டாம். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் அது மறுபக்கம் சுற்றும், அவ்வளவுதான். மாற்றிக் கொடுப்பது சுவிட்ச். அதற்குள் ஒரு கொன்டாக்ட் கரிபிடித்திருக்கும். மோட்டர் உறுமியும் சீட் நகராவிட்டால் கியர்ப் பல் தேய்ந்திருக்கும், அல்லது கியருக்குப் போகும் கேபிள் கழன்றிருக்கும். பட்டனை அழுத்தும்போது உள் லைட் மங்குகிறதா? கரண்ட் போகிறது, பெரும்பாலும் சீட் தண்டவாளம் இறுகியிருக்கும். காய்ந்த கிரீஸையும் உள்ளே விழுந்த சில்லறையையும் முதலில் வெளியே எடுங்கள்.

டெஸ்டரும் ஏமாற்றும். களிம்பேறிய சொக்கட்டிலும் எல்இடி டெஸ்டர் பளிச்சென்று எரியும், அதற்குத் துளிக் கரண்ட் போதும். மோட்டர் பல அம்பியர் கேட்கும். ஒரு 21 வாட் சிக்னல் பல்பில் இரண்டு வயரைக் கோத்து, மோட்டர் சொக்கட்டைக் கழற்றி, வயர் வரும் பக்கத்தில் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். பல்ப் முழு வெளிச்சத்தோடு எரிந்தால் மட்டும் மோட்டரைச் சந்தேகியுங்கள். அப்போதும் கார்பன் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. பியூஸ் எரிந்தால் பெரியதைப் போடலாமாம்; போட்டால் அடுத்து எரிவது வயர். சுவிட்சுக்குள் எண்ணெய் அடித்தால் இரண்டு நாள் வேலை செய்யும், பிறகு தூசி ஒட்டும். கொன்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். மெமரி பட்டன் இல்லாத பழைய சீட்டுக்கு ஸ்கேன் பண்ணக் காசு கேட்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மஞ்சள் சொக்கட் இருந்தால் அது எயார்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது, அதுவும் தலை சுற்றும் வரியோடு. ஆகவே இந்தப் பழைய கார்களைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும், முதலில் தண்ணீரிடமிருந்து. சொக்கட்டில் பச்சைக் களிம்பு ஏறுவது ஏன் தெரியுமா? மாணிக்கக் குழிச் சேறும் தோட்டத்து ரோட்டுச் சேறும் கார்ப்பெட்டில் ஏறியதும், சேர்விஸ் ஸ்டேஷனில் கதவைத் திறந்துவைத்துக் குழாயால் அடிக்கிறார்கள். அடியிலுள்ள பஞ்சு அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். நம் ஊர் மழைக்காலத்தில் அது எங்கே காயும்? சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கிக் கையால் அமுக்கிப் பாருங்கள், தண்ணீர் கசியும். அடுத்த முறை “உள்ளே வக்யூம் மட்டும், தண்ணீர் வேண்டாம்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.