பழைய லெகஸியும் பெற்றோல் கணக்கும்

இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடிய சுபாரு லெகஸியை வாங்கிக்கொண்டு, "அங்கிள், இது சரியாய் பெற்றோல் குடிக்குது" என்று வரும் ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு இது. கணக்கெல்லாம் 2010 மொடல், 2.5 லீற்றர், ரேர்போ இல்லாத காருக்கு.

1. எந்த எண்ணை நம்பி ஏமாந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். கனடாவில் 2015 மொடலுக்கு முந்திய கார்களில் ஒட்டிவந்த எண் இரண்டே சோதனைகளில் எடுத்தது. கடுங்குளிர், ஏசி, அதிவேகம் ஒன்றும் அதில் சேரவில்லை. அமெரிக்கா 2008 மொடலிலேயே ஐந்து சோதனைகளுக்கு மாறிவிட்டது. சி.வி.ரி. கியர் லெகஸிக்கு அவர்கள் தந்தது நகரத்துக்குள் கலனுக்கு 23 மைல், ஹைவேயில் 31. நமது கணக்கில் 100 கிலோமீற்றருக்கு 10.2 லீற்றரும் 7.6 லீற்றரும். இதை நம்பலாம். யாராவது பெரியவர் மைல் கணக்கில் பெருமை பேசினால் எந்தக் கலன் என்று கேளுங்கள். அமெரிக்கக் கலன் 3.79 லீற்றர், பிரித்தானியக் கலன் 4.55.

2. மனுவல் கியர்தான் மிச்சம் பிடிக்கும் என்ற ஊர் நம்பிக்கையை இந்தக் காரில் விடுங்கள். அதே ஆண்டு மனுவலுக்குக் கிடைத்தது 19, 27 மைல்தான்.

3. டாஷில் தெரியும் சராசரியை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள். பம்ப் முதல்தரம் 'டக்' என்று நின்றதும் நிறுத்துங்கள், மேலே அமுக்கி ஊற்ற வேண்டாம். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்புங்கள். 430 கிலோமீற்றருக்கு 46.5 லீற்றர் பிடித்தால் 10.8. ஒரு ராங்கை வைத்து முடிவெடுக்காமல் மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

4. மார்கழி, தை மாதங்களில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி 25 பாகையில் கிடைக்கும் நகர மைலேஜ், மைனஸ் 7இல் சுமார் 15 விழுக்காடு குறையும். ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டமென்றால் 24 வரை போகும். எஞ்சின் சூடேறுமுன்பே நீங்கள் ரிம் ஹோர்ட்டன்ஸ் வாசலில் நிற்பீர்கள். கியர்ப் பெட்டி எண்ணெயும் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயும் அப்போது தடித்தே இருக்கும். நாலு சில்லையும் இழுக்கும் காரில் சுழலவேண்டிய சாமான் கூட, அதனால் குளிரில் அடியும் கூட. ஆக, நகரத்துக்குள் 12, 13 லீற்றர் என்பது நோயல்ல. காலையில் கால்மணி நேரம் நிறுத்திவைத்துச் சூடாக்குவதுதான் வீண். அந்த நேரத்தில் உங்கள் கிலோமீற்றர் பூச்சியம். கண்ணாடியைச் சுரண்டி முடித்ததும் மெல்ல ஓட்டத் தொடங்குங்கள்.

5. ரயரில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலும் ஒரே வகை, ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும். சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் என்கிறது சுபாரு. மூன்று பழசோடு ஒரு புதுசு போட்டால் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழன்று, நடுவிலுள்ள கிளச் ஓயாமல் வழுக்கித் தேயும். ரயரில் மிச்சம் பிடித்த காசு கியர்ப் பெட்டியில் போகும்.

6. வயசை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நன்றாகப் பராமரித்த எஞ்சின் இரண்டு லட்சத்திலும் பெரிதாக மைலேஜ் இழக்காது. குடிப்பது திடீரென்று கூடினால் தேடவேண்டிய இடங்கள் உண்டு. தேமோஸ்ரற் திறந்தபடி இறுகினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. பிறேக் கலிப்பர் இறுகினால், ஓடி நின்றதும் ஒரு றிம்மில் மட்டும் அனல் அடிக்கும். கையை அருகே கொண்டுபோனாலே போதும், தொட்டுச் சுடுபடாதீர்கள். ஒட்சிசன் சென்சர் பழுதைத் திருத்தினால் 40 விழுக்காடு வரைகூட முன்னேற்றம் வரலாம். எயர் ஃபில்ரரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது கார்பரேற்றர் காலத்துப் பேச்சு. இந்தக் கார்களில் இழுவைதான் கூடும்.

7. இன்னும் பழைய ஓட்டோமற்றிக் சுபாருக்களில் ஒரு பியூஸைச் செருகி முன்சில்லு ஓட்டத்துக்கு மாற்றலாம். அது சின்ன ஸ்பெயர் ரயரோடு கராஜ் வரை போவதற்கு. பின் தண்டும் டிஃபரன்ஷியலும் அப்போதும் சுழன்றபடிதான், பெற்றோல் மிஞ்சாது.

8. கோடையில் நகரத்துக்குள் 11 லீற்றர் என்றால் என்னிடம் வரவேண்டாம். போன வருடம் அதே மாதம், அதே ரோட்டில் பிடித்ததைவிட இரண்டு லீற்றர் கூடினால் வாருங்கள். இந்தச் செலவே கட்டாது என்றால் காரை விற்றுவிட்டு, முன்சில்லு இழுக்கும் சின்னக் கார் ஒன்றை வாங்கி நல்ல பனி ரயர் நாலு போடுங்கள். ரொறன்ரோ நகருக்குள் ஓட அது தாராளம்.